மல்லாந்து படுத்தபடி ஒரு மழைக்காலம்

என் வலிக்கு நான் முதலில் குற்றம் சாட்டியது லோக்கல் ரயிலின் நான்காவது சீட்டை. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான்காவதாக ஒருத்தி ஒட்டிக்கொள்ள இடம் கொடுப்பது பம்பாயில் எழுதாத சட்டம். அந்த நான்காமவளுக்குப் பாதி உடம்புதான் பெஞ்சில் இருக்கும், மீதி நடைபாதையில் தொங்கும். செம்பூரில் ஏறும் எனக்கு அதிகபட்சம் அதுதான் வாய்க்கும். வருஷக்கணக்காக அப்படி உட்கார்ந்தால் முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

களிம்பு தடவினேன், வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டேன். வலி பகலில் அடங்கி ராத்திரியில் எழுந்தது. அலுவலகம் விட்டு வந்தால் லேசாக உடம்பு சுடும். குர்தாக்கள் தொளதொளத்துப் போயின. இளைத்துவிட்டேன் என்று எல்லோரும் சொன்னபோது, வெட்கமாக இருக்கிறது சொல்வதற்கு, சந்தோஷமாகக்கூட இருந்தது.

இதைப் படிக்கும் உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் களிம்போடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நான் நிறுத்திக்கொண்டேன். ஒரு நாள் கடைசி ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கிய பிறகும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. என் ரயில் சிநேகிதிகள் சுனிதாவும் விமலாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

எம்.ஆர்.ஐ. (காந்தப் புலத்தால் உடம்பின் உட்புறத்தைப் படமெடுப்பது) எடுத்தார்கள். பிறகு பயாப்ஸி (சிறு துளி திசுவை ஊசியால் எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். எலும்பு டாக்டர் இளைஞர், சுற்றி வளைத்துப் பேசாதவர். ஸ்பைனல் டி.பி. (முதுகெலும்பைத் தாக்கும் காசநோய்) என்றார். காசநோய் நுரையீரலில்தானே வரும் என்று என் கணவர் ஹிந்தியில் கேட்டார். நகத்தையும் முடியையும் தவிர எங்கு வேண்டுமானாலும் வரும் என்றார் டாக்டர். என் நுரையீரல் சுத்தமாக இருந்தது. நான் இருமி யாருக்கும் கொடுக்கக்கூடிய வியாதி இல்லை இது.

"உங்கள் முள்ளெலும்புகளில் இரண்டு, இப்போது டீயில் நனைத்த ரஸ்க். அழுத்தினால் பொடியும். பொடிந்தால் பக்கத்தில் போகும் தண்டுவடம் நசுங்கும். அப்புறம் கால்கள் உங்கள் பேச்சைக் கேட்காது" என்றார். மாத்திரைகள் ஒரு வருஷத்துக்கு மேல். முதல் சில மாதங்கள் கெட்டிப் படுக்கையில் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். புரண்டால்கூட இன்னொருவர் பிடித்து, மரக்கட்டையை உருட்டுவதுபோல உருட்ட வேண்டும். பாதம் மரத்தாலோ, கால் துவண்டாலோ, சிறுநீர் கட்டுக்குள் நிற்காவிட்டாலோ உடனே ஓடி வாருங்கள் என்றார். ஓடி வாருங்கள் என்று அவர் சொன்னது என் கணவரைத்தான்.

அன்று சாயங்காலமே மாட்டுங்காவிலிருந்து என் நாத்தனார் உமா வந்துவிட்டாள். கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள்.

"மன்னி, டி.பி.ன்னு யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்கோ. ஸ்லிப் டிஸ்க்னு சொன்னாப் போறும். கௌரவமான வியாதி."

"அவ சொல்றதும் சரிதான்" என்றார் என் கணவர்.

நானும் தலையாட்டினேன். எனக்கு அனுமதிக்கப்பட்டிருந்த ஒரே உடற்பயிற்சி அது. இப்படியாக நான் ஸ்லிப் டிஸ்க்காரி ஆனேன். காலனி முழுக்க, கோயில் முழுக்க, ரயில் முழுக்க அதே செய்தி போயிற்று.

நான் படுத்ததும் மழை பிடித்துக்கொண்டது. மல்லாந்து கிடப்பவளுக்கு ஜன்னலின் மேல் விளிம்பு மட்டும் தெரியும். அதில் எப்போது பார்த்தாலும் அழுக்குச் சாம்பல் நிறம். எனக்கு மேலே, கூரையில் துணி உலர்த்தும் கம்பிகள். பம்பாய் வீடுகளில் இருப்பதுதான். கயிற்றை இழுத்தால் கம்பி இறங்கும், துணியைப் போட்டு மறுபடி ஏற்றிவிடலாம். மழைக்காலம் முழுக்க என் வானத்தில் கணவரின் பனியன்களும் மகள் ஸ்வாதியின் ஜீன்ஸும்தான் மிதந்தன. ஈர வாடையும் மாத்திரையின் குமட்டலும் சேர்ந்து முதல் வாரம் நான் அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை. அழுதால் கண்ணீர் நேரே காதுக்குள் போகும். படுத்திருப்பவர்களுக்குத்தான் இது தெரியும்.

ஸ்வாதிக்கு இருபது வயது. அவள்தான் ஒரு நாள் கம்பியைப் பார்த்துக் கேட்டாள். "அம்மா, எது ஃபர்ஸ்ட் காயும்? பெட் கட்டறியா?" நான் துப்பட்டா என்றேன். அவள் அப்பாவின் கைக்குட்டை என்றாள். கைக்குட்டை ஜெயித்தது. நான் தோற்றால் மாத்திரை நேரத்தில் முகம் சுளிக்கக் கூடாது என்பது பந்தயம். மறுநாள் நான் ஓரக் கம்பி, நடுக் கம்பி, மின்விசிறியின் காற்று எல்லாம் கணக்கில் வைத்து யோசிக்கத் தொடங்கியிருந்தேன். அவ்வளவு அற்பமான விஷயத்தில் அவ்வளவு தீவிரமாக நான் ஈடுபட்டதே இல்லை. துணி மடிக்கிற நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

கணவர் பங்குக்கு அவரும் ஒன்று செய்தார். பேங்குக்குக் கிளம்புமுன் பழைய டூத்பிரஷ்ஷால் என் பாதத்தில் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, "எந்த விரல் சொல்லு" என்பார். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் சொன்ன சோதனை. சரியாகச் சொன்னால் பரிசாக உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டுவார். கூசினால் நல்ல சேதி. அதனால் எங்கள் வீட்டில் காலை வேளையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ரசத்தை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதும் பழகிவிட்டது. பழகியதும் அதில் ஒரு ருசி வந்தது.

இவையெல்லாம் உபரி. என் நாளின் உயிர் காலை அழைப்பில் இருந்தது.

அது விமலாவின் யோசனை. விமலாவின் குடும்பத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம். பிறந்து வளர்ந்தது தாராவியில், வாழ்க்கைப்பட்டது கோபர்கைரனேயில். வாஷியில் ஏறி ஜன்னலோர சீட்டைப் பிடித்துவிடுவாள். எங்கள் கூட்டத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். நான் படுத்த சில நாட்களில், வண்டி செம்பூருக்குள் நுழையும் நேரத்தில் என் போன் அடித்தது.

"எக்கா, நாங்க வந்துட்டோம்லா. ஏறுங்க."

ஸ்பீக்கரைப் போட்டாள். திடீரென்று என் அறைக்குள் லேடீஸ் கம்பார்ட்மென்ட் முழுசாக வந்துவிட்டது. வளையல்காரியின் கூவல், யாரோ பீன்ஸ் நறுக்கும் சத்தம், உள்ளே தள்ளு என்று வாசலில் ஒரு சண்டை. அறிவிப்புக் குரல் அடுத்த ஸ்டேஷன் சுனாபட்டி என்று மூன்று மொழியில் சொன்னது. சுனிதா வழக்கம்போல மேலதிகாரியைத் திட்டினாள். அவள் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் மராட்டிக்காரி, கூட்டத்துக்குத் தலைவி. நான் கண்ணை மூடிக்கொண்டு கடைசி ஸ்டேஷன் வரை போனேன். "சரிக்கா, எறங்குதோம். நாளைக்குப் பார்ப்போம்" என்றாள் விமலா.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். ஒரு நாள் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி குர்லாவுக்கும் சுனாபட்டிக்கும் நடுவில் வண்டி நின்றுவிட்டது. நகரமே நொந்துகொண்டிருந்தது. நான் மட்டும் நகராதே நகராதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் டப்பாவைத் திறந்து பகிர்ந்து சாப்பிட்டார்கள். யார் டப்பாவில் என்ன என்று விமலா எனக்கு வர்ணனை கொடுத்தாள். பாட்டுக்குப் பாட்டு ஆடினார்கள், நானும் படுத்தபடியே பாடினேன். போன் சூடேறிக் காதைச் சுட்டது. அந்த மழையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் கௌரவமான வியாதி தன் வேலையைக் காட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டும் மழையில் அழைப்பு மணி அடித்தது. உமா வந்திருந்தாள், அவள்தான் திறந்தாள். விமலாவின் குரல் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போயிற்று. முழங்கால் வரை நனைந்து அறைக்குள் வந்தாள். பின்னால் வேட்டி நுனியைப் பிழிந்தபடி ஒரு பெரியவர், கையில் எண்ணெய்ப் புட்டிகள் வைத்த பை.

"எக்கா, இவுக எங்க அப்பா ஊர்க்காரவுக. வர்ம ஆசான். தாராவில இவுகளப் பாக்க எத்தன பேரு காத்துக் கெடக்காவ தெரியுமா? கெஞ்சிக் கூட்டியாந்திருக்கேன். இடுப்புல கைய வச்சாவன்னா ஸ்லிப் டிஸ்க் எல்லாம் ஓடியே போயிரும்."

வர்மம் என்பது உடம்பின் புள்ளிகளை அறிந்து அழுத்தியும் நீவியும் செய்யும் தெற்கத்தி வைத்தியம். ஸ்லிப் டிஸ்க் என்று நம்பியவளுக்கு இதைவிட நல்ல யோசனை தோன்றியிருக்க முடியாது. எனக்கோ டீயில் நனைந்த ரஸ்க்தான் ஞாபகம் வந்தது.

"வேண்டாம் விமலா. டாக்டர் கூடாதுன்னுருக்கார்."

"டாக்டர்மாரு அப்பிடித்தான்க்கா சொல்லுவாவ. சும்மா ஒரு தடவ பாக்கட்டும்."

ஏன் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அந்த இடைவெளியில் உமா புகுந்தாள்.

"எங்காத்துல இந்த எண்ணெய் வைத்தியமெல்லாம் பழக்கமில்லை. முன்னாடியே கேக்காம இப்படி யாரையாவது கூட்டிண்டு வந்தா எப்படிம்மா?"

பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண், எண்ணெய் வைத்தியம் பழக்கமில்லை என்கிறாள்! எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால் தைலம்தான் முதலில் உருண்டு விழும். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். விமலாவின் முகம் சுருங்கியதை நான் கீழிருந்து பார்த்தேன். வைத்தியத்தைப் பற்றி அல்ல, தன்னைப் பற்றித்தான் உமா பேசியதாக அவள் எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்ளத்தான் அதில் இடமும் இருந்தது.

"சரிக்கா. உங்க வசதி" என்றாள். டீ போடச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டாள். இரண்டு குடைகள் விரியும் சத்தம் படியில் கேட்டது.

மறுநாள் காலை போன் அடிக்கவில்லை. மழையில் சிக்னல் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த நாளும் அடிக்கவில்லை. நானே கூப்பிட்டால் விமலா எடுக்கவில்லை. சுனிதாவிடமிருந்து ரோஜாப்பூ போட்ட ஒரு குட்மார்னிங் படம் மட்டும் வந்தது. அதுவரை எனக்குத் துணையாக இருந்த மழை அன்றிலிருந்து வெறும் மழை ஆகிவிட்டது. துணிப் பந்தயத்திலும் மனம் போகவில்லை. டூத்பிரஷ் எந்த விரலைத் தொட்டாலும் "தெரியல" என்றேன். கணவர் பயந்து டாக்டருக்கே போன் செய்துவிட்டார். உணர்ச்சி இருந்தது, பதில் சொல்லத்தான் விருப்பமில்லை.

"சொல்லிடும்மா" என்றாள் ஸ்வாதி. "டி.பி.ன்னு சொல்லிடு. க்யா ஃபரக் படேகா?"

என்ன வித்தியாசம் வந்துவிடும் என்று அவளுக்குக் கேட்பது சுலபம். மாதக்கணக்கில் அந்தப் பெண்களோடு தோளும் தோளும் ஒட்டி, காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தவள் நான். அவர்கள் டப்பாவில் கை வைத்துச் சாப்பிட்டவள். டி.பி. என்ற வார்த்தையைக் கேட்டதும் என் ஒவ்வொரு தும்மலையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். மறுபடி என்னைப் பக்கத்தில் உட்கார விடுவார்களா? எனக்கு மிச்சமிருந்த ஒரே வெளியுலகம் அந்த அழைப்பு. சொன்னால் அது ஒரேயடியாகப் போகலாம். சொல்லாவிட்டாலும் அது போய்த்தான் கிடந்தது. உமாவிடமும் கணவரிடமும் நான் அனுமதி கேட்கவில்லை.

அடுத்த நாள் வண்டி செம்பூரைத் தாண்டும் நேரத்தில் சுனிதாவைக் கூப்பிட்டேன். விமலா இருக்கிறாளா என்று கேட்டேன். ஜன்னலோரமாக வெளியே பார்த்துக்கொண்டு இருக்கிறாள் என்றாள். ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்த ஹிந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்லிப் டிஸ்க் இல்லை, டி.பி. முதுகெலும்பில். நுரையீரலில் இல்லை, மூச்சில் பரவாது. ஆசானைத் தொட விடாததற்குக் காரணம் அந்த எலும்பு பொடிந்துவிடும் என்பதுதான். விமலாவின் மேல் குறையில்லை.

டி.பி.யா என்று யாரோ கிசுகிசுத்தார்கள். நான் போனைக் கட் செய்துவிடலாமா என்று விரலை வைத்தேன்.

அப்போது ஒரு குரல். எங்கள் கூட்டத்துக் குரல் இல்லை.

"மேரேகோ பீ ஹுவா தா, தீதி."

எனக்கும் வந்தது அக்கா என்றாள். அவளுக்குக் கழுத்தில் கட்டியாக வந்ததாம். மாத்திரை முடித்து, கல்யாணமாகி, இரண்டு குழந்தைகளாம். நடுவில் மட்டும் மாத்திரையை விடாதே என்றாள். யாரென்று கேட்பதற்குள் வடாலாவில் இறங்கிப் போய்விட்டாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு சுனிதா வெடித்தாள். மாதக்கணக்காகத் தான் கணபதியிடம் தப்பான வியாதிக்கு வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள், எல்லாம் வீண், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று கத்தினாள். கம்பார்ட்மென்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தால் முதுகு வலிக்கும், வலித்தது.

அந்தச் சிரிப்பில் விமலாவின் குரலைத் தேடினேன், இல்லை. சில நாட்களில் அவள் வேறு பெட்டிக்கு மாறிவிட்டதாக சுனிதா தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஒரு சாயங்காலம் விமலாவிடமிருந்து குரல் பதிவு வந்தது.

"எக்கா, கோவமெல்லாம் இல்ல. எங்க அப்பா அதுலதான் போனாவ. தாராவில, ஒத்த ரூம்ல நாங்க அஞ்சு பேரு. அவுக இருமுன சத்தம் இன்னும் காதுக்குள்ள இருக்கு. அது வேற, உங்களுக்கு வந்தது வேறன்னு சொல்லுதிய. புத்திக்குப் புரியுது. மனசுக்குக் கொஞ்ச நாள் வேணும்க்கா."

அதைப் பலமுறை கேட்டேன். எங்கள் வீட்டில் கௌரவத்துக்காக மறைத்த ஒரு வார்த்தை அவளுக்கு அப்பாவின் இருமலாக இருந்திருக்கிறது. உனக்கு எவ்வளவு நாள் வேண்டுமோ எடுத்துக்கொள் என்று பதில் அனுப்பினேன்.

காலை அழைப்பு மறுபடி வரத் தொடங்கியது, சுனிதாவின் போனிலிருந்து. அதில் தமிழ் இல்லை. சந்தோஷம் இருந்தது, ஆனால் முன்னைப்போல இல்லை. இதையும் உங்களிடம் சொல்ல வேண்டும். சின்னச் சந்தோஷங்கள் எலும்பை வளர்க்காது, மாத்திரைதான் வளர்க்கும். எனக்கு அவை செய்த உதவி வேறு. விடிந்தால் எதற்காக விழிப்பது என்ற கேள்விக்கு ஒரு பதிலை வைத்திருந்தன. அது ஈரக் கைக்குட்டையாக இருந்தாலும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

மழை ஓய்ந்த பிறகு எடுத்த படத்தில் எலும்பு இறுகத் தொடங்கியிருந்தது. பிரேஸ் (தோளிலிருந்து இடுப்பு வரை முதுகை அசையாமல் பிடிக்கும் கவசம்) போட்டு என்னை உட்கார வைத்தார்கள். தலை சுற்றியது. ஜன்னலின் கீழ்ப்பாதியைப் பார்த்தேன். என் பாதங்களை நானே பார்த்தேன். படுத்த உடம்பு எழுந்து நிற்பதற்கு ஒரு குழந்தைக்கு வேண்டிய அவகாசம் வேண்டியிருந்தது. வீட்டிலிருந்தே அலுவலக வேலை செய்தேன். சமையலறை வரை, பிறகு லிஃப்ட் வரை, பிறகு காலனி வாசல் வரை நடந்தேன்.

அடுத்த மழை தொடங்கிய வாரத்தில் ரயிலில் போக அனுமதி கிடைத்தது. டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். "ஓடக் கூடாது, நசுங்கக் கூடாது. கூட்டமாக இருந்தால் வண்டியை விட்டுவிடுங்கள்." பம்பாய்க்காரியிடம் சொல்கிற பேச்சா இது? கண்ணெதிரே நிற்கும் வண்டியை நான் வாழ்நாளில் விட்டதில்லை.

செம்பூர் பிளாட்பாரத்தில் எங்கள் வண்டி வந்து நின்றது. மழையால் தாமதம், வாசல் பிதுங்கியது. உள்ளிருந்து சுனிதா "ஏறு, ஏறு" என்று கை நீட்டினாள். என் கால் தானாக முன்னால் போயிற்று. நிறுத்தினேன். பின்னால் நகர்ந்து, போங்கள் என்று கையசைத்தேன்.

வண்டி கிளம்பப் போகும் நேரத்தில் பக்கத்துப் பெட்டியிலிருந்து, ஏறுகிற கூட்டத்தை எதிர்த்து, ஒரு கைப்பை முதலில் வந்தது. பிறகு தலை கலைந்து விமலா வந்தாள். வண்டி போயிற்று.

"சீட்டு?" என்றேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

"வாஷில புடிச்ச ஜன்னல் சீட்டு. போட்டும்."

ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறோம். கொஞ்சம் தள்ளித்தான் நின்றாள். பிறகு கிட்டே வந்து, குர்தாவுக்கு மேலாக பிரேஸை விரலால் மெல்லத் தட்டினாள்.

"வலிக்காக்கா?"

"இல்ல."

கையை எடுக்கவில்லை. அப்படியே என் தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டாள். கூரைத் தகரத்தில் மழை இரைந்தது. இத்தனை வருஷம் சேர்ந்து பயணம் செய்தவர்கள், சும்மா சேர்ந்து நின்றது அதுதான் முதல் தடவை.

அடுத்த வண்டி வந்தது. கூட்டம் சுமார்தான், ஏறியிருக்கலாம்.

"இதையும் விட்ருவமாக்கா?" என்றாள் விமலா.

விட்டோம்.